விழியோர நாற்றங்கால்

நெல் அறுப்புக் காலத்தில் மதியம் மூன்று மணிக்கு மேல் எங்கள் கண் பரிசோதனை அறை வாசலில் யாராவது ஒருவர், ஒரு கண்ணை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்பார். “கண்ணுல சொணை விழுந்துருச்சு தாயி. கரகரங்குது, முழிக்கவே முடியல” என்பார். நான் முதலில் கேட்பது “எப்ப விழுந்துச்சு?” என்றுதான். பெயர், வயது, ஊர் எல்லாம் அதற்குப் பிறகு. “காலைல பத்து மணிக்கு” என்று பதில் வந்தால் மனசு லேசாகிவிடும். “நாலு நாளாச்சு” என்றால் பயம் பிடித்துக்கொள்ளும். சின்னமனூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருபத்தெட்டு ஆண்டுகள் கண் மருத்துவ உதவியாளராக இருந்திருக்கிறேன். கண் காயத்தில் காலம்தான் பாதி மருந்து என்பதை இந்த வேலைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

கம்பம் பள்ளத்தாக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வாழ்கிறது. லோயர் கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல். அதற்கு மேல் வாழை, தென்னை, திராட்சைப் பந்தல், வெற்றிலைக் கொடிக்கால். ஒவ்வொரு வெள்ளாமைக்கும் ஒரு கண் காயம் உண்டு. நெல்லில் சுணை, கரும்பில் சோகை, வாழையில் சருகு. திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து வேலை செய்பவருக்குக் கம்பி முனையும், மேலிருந்து சொட்டும் மருந்தும். கொடிக்காலில் அகத்திக் குச்சி. வந்தவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாலே காயம் எப்படி இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

காயத்தைப் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு எளிய வழி இருக்கிறது. முதலில் மரத்துப்போகும் சொட்டு ஒன்று. அதுவரை இறுக மூடியிருந்த கண் அரை நிமிடத்தில் தானாகத் திறக்கும். பிறகு புளோரசின் சாயத் தாளின் ஆரஞ்சு நுனியை நனைத்து, கீழ் இமைக்குள் ஒரு தொடு. கண்ணை ஒருமுறை கொட்டச் சொல்லிவிட்டு ஸ்லிட் லேம்பில் நீல வெளிச்சத்தைத் திருப்பினால், தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். நல்ல தோல் இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது. அந்தப் பச்சைத் திட்டின் நீள அகலத்தை அளந்து, நோயாளியின் அட்டையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் வரைந்துவைப்பேன். அருகில் தேதி, மணி. மேல் இமையைப் புரட்டி, உள்ளே சுணை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒட்டியிருந்தால் ஒவ்வொரு முறை இமை கொட்டும்போதும் அது கருவிழியில் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். திட்டு நெடுக்குக் கோடுகளாகத் தெரிந்தால் சுணை இமைக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதன் மேல்தோல் அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள். அங்கே ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாக வருகிறது. ரத்தம் இல்லாததால்தான் அது கண்ணாடி போல இருக்கிறது, நமக்குப் பார்வையும் இருக்கிறது. ஆனால் நரம்பு நுனிகள் உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அங்கே நெருக்கமாக இருக்கின்றன. நெல் வயலில் நாள் முழுக்க முதுகு வளைந்து நிற்பவர், பிள்ளை பெற்றவர், ஒரு சுணைக்குத் துடித்துப்போவதற்கு அதுதான் காரணம். “இதுக்குப் போய் அழுறாளே” என்று கூட வந்தவர் சொன்னால், அந்த வலி நிஜம் என்று நான் சொல்லிவிடுவேன்.

சிராய்ப்பு பட்டதும் முதல் நாலைந்து மணி நேரம் கண் சும்மா இருப்பது போலத் தெரியும். உண்மையில் அப்போது அது ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. காயத்தின் ஓரத்தில் இருக்கும் செல்கள் கீழே பற்றியிருந்த பிடியைத் தளர்த்துகின்றன. உருண்டை வடிவம் போய்த் தட்டையாகின்றன. பிறகு பக்கத்துச் செல்லை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரே விரிப்பாக வெற்றிடத்தின் மேல் நகர்கின்றன. மணிக்கு ஏறக்குறைய 60 மைக்ரான் வேகம். மூன்று மில்லிமீட்டர் அகலச் சிராய்ப்பு என்றால், சுற்றிலுமிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தால் நடுவில் சந்தித்துவிடும். கணக்குப் போட்டால் இருபத்தைந்து மணி நேரம். செல்கள் பெருகுவதும் அடுக்கு ஏறுவதும் அதற்குப் பின்னால்தான். முதலில் மூடு, பிறகு கனமாக்கு என்பது கண்ணின் முறை. கதவில்லாத வீட்டில் முதலில் ஒரு படுதாவைத் தொங்கவிடுகிறோமே, அது போல.

மறுநாள் காலையில் அதே அம்மா வரும்போது முந்தானை தோளில் இருக்கும். மறுபடி சாயம், மறுபடி நீல வெளிச்சம். நேற்று மிளகு அளவு இருந்த திட்டு ஒரு கோடாகச் சுருங்கியிருக்கும். சில சமயம் அந்தக் கோடு இரண்டு மூன்று கிளை விட்டிருக்கும். மூன்று திசையிலிருந்து வந்த விரிப்புகள் சந்திக்கும் தையல் அது. வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அந்தக் கிளைக் கோட்டைப் பார்த்து ஹெர்பீஸ் வைரஸ் புண் என்று நினைத்துவிடுவார்கள். நேற்று வரைந்த படம் அட்டையில் இருந்தால் அந்தத் தவறு நடக்காது. நான் ஓவியம் படித்தவள் இல்லை. ஆனால் அட்டையில் படம் போடாமல் யாரையும் அனுப்பியதில்லை.

நோயாளிகள் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. “மொதல்ல போட்டீங்களே, அந்தச் சொட்டையே குடுத்து விடுங்கம்மா. சொர்க்கமா இருக்கு.” கொடுக்கவே கூடாது. மரத்துப்போகும் சொட்டு வலியை மட்டும் நிறுத்தாது. செல்கள் நகர்வதையும் தடுக்கும். தொடர்ந்து போட்டால் சாதாரணச் சிராய்ப்பு ஆறாத புண்ணாகிவிடும். நாங்கள் கொடுப்பது ஒரு ஆன்டிபயாட்டிக் களிம்பு, வேண்டுமானால் வலிக்கு ஒரு மாத்திரை, நாளைக்கு வரச்சொல்லும் தேதி. செடி கொடி பட்ட காயத்தை இறுக்கக் கட்டுப் போட்டு மூடுவதும் கிடையாது. மூடிய கண்ணுக்குள் கிருமி வளர்வது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

மூடிவிட்டால் ஆறிவிட்டது என்று நானும் ஆரம்பத்தில் நம்பினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு இளம்பெண்ணுக்குக் குழந்தையின் நகம் கீறிய காயம். மூன்றாம் நாள் சாயம் எங்கேயும் ஒட்டவில்லை. “சரியாப் போச்சு, இனிமே வர வேண்டாம்” என்று அனுப்பிவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து, விடியற்காலையில் கண்ணைத் திறந்ததும் சுரீர் என்று வலித்துத் தண்ணீராகக் கொட்டுகிறது என்று ஓடிவந்தார். அதே இடத்தில் தோல் பெயர்ந்திருந்தது.

அவருக்கு நடந்ததை நடவு தெரிந்த யாருக்கும் சொல்லிவிடலாம். நாற்று நட்ட அன்றே வயல் பச்சையாகத் தெரியும். அன்று ஒரு நாற்றைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். வேர் பிடிக்க நாளாகும். கருவிழியின் புதுத் தோலும் கீழேயுள்ள படலத்தில் வேர் பிடிக்க வேண்டும். அதற்கான நுண்ணிய ஆணிகள் உருவாகி இறுகப் பல வாரங்கள் ஆகும். அடிப்படலமே கிழிந்திருந்தால் மாதக் கணக்கு. தூக்கத்தில் கண்ணீர் குறைந்து, இமையின் உள்பக்கம் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. விடியலில் வெடுக்கென்று திறந்தால் வேர் பிடிக்காத தோல் இமையோடு வந்துவிடும். அதிலிருந்து நகக் கீறலும் இலைக் கீறலும் பட்ட எல்லோருக்கும், இரவில் படுக்கும்போது போட ஒரு வழவழப்புக் களிம்பை ஒன்றிரண்டு மாதத்துக்குச் சொல்லி அனுப்புகிறேன். காலையில் முழித்ததும் கண்ணை மெதுவாகத் திற, கசக்காதே என்றும் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் முதல் முறையே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நடவு என்றால் நாற்றங்கால் எங்கே? கருவிழியும் வெள்ளை விழியும் சேருகிற விளிம்பில். கண்ணாடியில் பார்த்தால் ஒரு சாம்பல் வளையமாகத் தெரியும் அந்த ஓரத்தில்தான் மூலச் செல்கள் குடியிருக்கின்றன. கருவிழியின் தோல் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. பழைய செல்கள் மேலேறிக் கண்ணீரோடு உதிர, புதியவை அந்த விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வந்துகொண்டே இருக்கின்றன. காயம் படாத நாளிலும் இது நிற்பதில்லை. 1980-களில்தான் அறிவியல் இந்த நாற்றங்காலை அடையாளம் கண்டது. வயலில் மாடு இறங்கி மேய்ந்தாலும் நாற்றங்கால் தப்பித்தால் மறுபடி நட்டுக்கொள்ளலாம். நாற்றங்காலே கருகினால்?

அதைக் கருக்குவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு பொருள். சுண்ணாம்பு. வெற்றிலை விளையும் ஊர் என்பதால் வெற்றிலைப் பெட்டி இல்லாத வீடு குறைவு. திராட்சைக்கும் கொடிக்காலுக்கும் அடிக்கிற போர்டோ கலவையிலும் மயில்துத்தத்தோடு சுண்ணாம்புதான் இருக்கிறது. அமிலம் பட்டால் மேல்தோல் வெந்து, அந்த வெந்த தோலே ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் அப்படி நிற்காது. செல் சவ்வில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். சுண்ணாம்பு அதோடு, கட்டியாக இமைக்குள் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் ஓர் அப்பத்தா, ஐந்து வயதுப் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வைத்திருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பையன் இரண்டு கையாலும் அமுக்க, மூடி தெறித்து முகத்தில் அடித்திருக்கிறது. பையனின் தலையும் சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. “தொட்டித் தண்ணிய அள்ளி அள்ளி ஊத்துனேன் தாயி. அவன் கத்தக் கத்த விடல. தப்பா?” என்றார். “நீங்கதான் இவன் கண்ணைக் காப்பாத்துனீங்க அப்பத்தா” என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை.

பையனைப் போர்வையில் சுற்றிப் படுக்கவைத்து, சலைன் பாட்டிலை டியூபோடு மேலே மாட்டிக் கண்ணில் ஓடவிட்டோம். ஒருவர் தலையைப் பிடிக்க, நான் மேல் இமையைப் புரட்டினேன். ஒரு புரட்டு போதாது. அதற்கும் மேலே உள்ள மடிப்பு வரை இமையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே, இட்லி மாவு ஒட்டியது போல வெள்ளையாக ஒரு பட்டை இருந்தது. ஈரப் பஞ்சுக் குச்சியால் அதை உருட்டி எடுத்தேன். பிறகு மறுபடி தண்ணீர். பி.எச். தாளைக் கீழ் இமைக்குள் வைத்துப் பார்த்தால் இன்னும் நீலம் காட்டியது. மறுபடி இமையைத் தூக்கினால் மூலையில் கடுகளவு இன்னொரு துணுக்கு. அதையும் எடுத்து, இரண்டாவது பாட்டில் முடிந்து, ஐந்து நிமிடம் விட்டுத் தாளை வைத்தபோதுதான் அது ஏழில் நின்றது. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் வேறு மருந்து எதையும் தொடவில்லை. சுண்ணாம்புக்கு முதல் மருந்து தண்ணீர், இரண்டாவது மருந்தும் தண்ணீர்.

அதன் பிறகு பார்த்தது விளிம்பை. பையனின் கண் செக்கச்செவேல் என்றிருந்தது. அப்பத்தா அதைப் பார்த்து அழுதார், எனக்கோ நிம்மதி. சிவப்பாக இருந்தால் ரத்தம் ஓடுகிறது, நாற்றங்கால் உயிரோடு இருக்கிறது. சுண்ணாம்பு பட்ட கண் சிவக்காமல், வலிக்காமல், பீங்கான் போல வெளுத்திருந்தால்தான் பயப்பட வேண்டும். அங்கே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் மூலச் செல்களும் சேர்ந்து வெந்திருக்கும். அன்றே தேனி மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்தில் தோல் முழுதாக மூடியது. இப்போது அந்தப் பையன் எங்கள் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் அட்டையின் கடைசி வரி வரை படிக்கிறான்.

நாற்றங்கால் முழுதாகப் போன கண்களையும் பார்த்திருக்கிறேன். வெற்றிடத்தின் மேல் வெள்ளை விழியின் தோல், ரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டு களை போலப் பரவிவிடும். அந்தக் கண்ணுக்கு வெறும் கருவிழி மாற்று அறுவை செய்தாலும் நிற்காது. நட்ட பயிருக்கு நாற்று வர வழியில்லையே. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழி கண்டார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர் 2012-ல் வெளியிட்ட முறை அது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுத் துண்டை எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்குகளாக்கி, கெட்ட கண்ணின் மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் இடைவெளி விட்டு ஒட்டிவைக்கிறார்கள். ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் தோல் பரவி ஒன்றோடொன்று சேர்கிறது. ஆய்வகத்தில் செல் வளர்க்கும் பெரிய செலவு இல்லை. அந்த அறுவை சிகிச்சையின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ஆடி மாத வயல்தான் நினைவுக்கு வந்தது. நாற்று முடியைப் பிரித்து, நாற்றுக்கு நாற்று இடைவெளி விட்டு நடும் அதே கை.

இதுவரை சொன்னது கண் தானாக ஜெயிக்கும் கதை. தோற்கும் கதையும் உண்டு. மேல்தோல் தழும்பே இல்லாமல் ஆறும். அதற்குக் கீழே உள்ள பெரிய அடுக்கு அப்படி ஆறாது. அங்கே கொலாஜன் இழைகள் சீர் நடவு போல ஒரே இடைவெளியில் அடுக்கியிருப்பதால்தான் ஒளி தடையின்றிப் போகிறது. புண் அதுவரை இறங்கிவிட்டால், உடம்பு அவசரமாக நிரப்பும் இழைகள் வரிசை கலைந்து கிடக்கும். அந்த வெள்ளைத் தழும்பைத்தான் நம் ஊரில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிறோம்.

வாழைத் தோட்டத்தில் சருகு அறுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் காய்ந்த இலை கண்ணில் அடித்தது. வீட்டில் அவருடைய தாயாருக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்திருக்கிறது. அதைப் போட்டிருக்கிறார். “ரெண்டே நாள்ல செவப்பு எறங்கிருச்சும்மா. நல்லா ஆயிருச்சுன்னு நெனச்சேன்” என்றார். கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுக்கும் சொட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும். கூடவே கிருமியை எதிர்க்க வந்த உடம்பின் படையையும் அடக்கிவிடும். பன்னிரண்டாம் நாள் அவர் வந்தபோது கருவிழி நடுவில் சாம்பல் வெள்ளையாக ஒரு திட்டு. அதன் ஓரம் இறகு போலப் பிசிறு பிசிறாக இருந்தது. அந்தப் பிசிறைப் பார்த்ததும் பூஞ்சை என்று தெரிந்துவிட்டது. தேனிக்கு அனுப்பினோம். அங்கே புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தபோது பூஞ்சை இழைகள் தெரிந்தன. ஃபுசேரியம். வாழையை வாட வைக்கும் பூஞ்சையின் இனம்தான். மண்ணிலும் சருகிலும் எப்போதும் இருப்பது. நாட்டமைசின் சொட்டைக் குலுக்கிக் குலுக்கி மணிக்கு ஒருமுறை போட்டு, ஏறக்குறைய மூன்று மாதத்தில் புண் ஆறியது. கண் பிழைத்தது. பார்வை பிழைக்கவில்லை. இரண்டு முழத் தூரத்தில் விரலை எண்ணுகிறார்.

இது ஒருவர் இருவருடைய கதை இல்லை. தேனி தனி மாவட்டமாகப் பிரியும் முன், 1994-ன் முதல் மூன்று மாதங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர் எம். சீனிவாசன் குழுவினர் ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் புண் வருமுன் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சை. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று இன்னொரு ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் அதே கணக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த வித்தியாசம் எங்கள் வயலிலும் தோட்டத்திலும் இருக்கிறது.

நேபாளத்தின் பக்தபூரில் செய்து 2001-ல் வெளியான ஒரு ஆய்வுதான் எனக்கு வழிகாட்டி. கிராமப் பணியாளர்கள் வீட்டருகிலேயே சாயம் போட்டுப் பார்த்து, சிராய்ப்பு இருந்தால் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை மூன்று நாள் போட்டார்கள். அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் ஆகவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு ஆனது. ஒரு நாள் தாண்டி, இரண்டாம் நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு. அதே களிம்பு, அதே கைகள். மாறியது மணிக்கணக்கு மட்டும். பிறகு மதுரைப் பக்கக் கிராமங்களிலும் பூஞ்சைக்கான களிம்பையும் சேர்த்து இதைச் செய்து பார்த்து, 2006-ல் வெளியிட்டார்கள்.

“எப்ப விழுந்துச்சு?” என்று நான் முதலில் கேட்பது இதனால்தான். கண்ணின் தோலை நான் ஆற்றுவதில்லை. எந்த மருத்துவரும் ஆற்றுவதில்லை. அது தன் ஓரத்திலிருந்து தானே நடந்து வந்து மூடிக்கொள்கிறது. அது மூடும் வரை அந்த ஒரு நாள் வாசலில் காவல் இருப்பதுதான் எங்கள் தொழில்.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணில் சுணையோ சருகோ பட்டால் நாக்கால் துழாவி எடுக்கச் சொல்லாதீர்கள். தாய்ப்பாலும் இலைச்சாறும் எண்ணெயும் விடாதீர்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் சொட்டைத் தொடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே வந்துவிடுங்கள். சுண்ணாம்பு பட்டால் மட்டும் உடனே கிளம்பாதீர்கள். குழாயடியிலேயே நின்று, குழந்தை எவ்வளவு கத்தினாலும் கால் மணி நேரமாவது தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு கிளம்புங்கள். சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அறுப்புக்குப் போகிறவருக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.